பின்னால் இருப்பவரின் டயர்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். மோட்டார் சைக்கிளில் பிள்ளையையோ, மனைவியையோ, கூட வேலை செய்பவரையோ பின்னால் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

விஷயம் ஒரு பஞ்சர். இதற்கெல்லாம் பதிவா என்று சிரிக்க வேண்டாம். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம்.

இந்த வருடம் முதல் தவணையில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறரை மணி இருக்கும். வழமை போல சக ஆசிரியரைத் தோட்டத்துச் சந்தியில் ஏற்றிக்கொண்டு பாடசாலைக்குப் போகிறோம். இராகலைப் பக்கமிருந்து வலப்பனையை நோக்கி இறங்கும் வீதிகளை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேலே பனி, கீழே வெயில், நடுவில் எண்ண முடியாத வளைவுகள். ஒரு வளைவைத் தாண்டியதும் பைக்கின் பின்பக்கம் நாய் வாலாட்டுவது போல ஆடத் தொடங்கியது.

"சேர், பின் டயர் போல" என்றார் பின்னாலிருந்தவர்.

பிரேக்கை அமுக்கவில்லை. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஹேண்டிலை நேராகப் பிடித்து, முன் பிரேக்கை மெதுவாகத் தொட்டு ஓரத்தில் நிறுத்தினோம். அல்ஹம்துலில்லாஹ், எதிரே பஸ் ஒன்றும் வரவில்லை.

இறங்கிப் பார்த்தால், டயரின் நடுவில் கூரைத் தகரம் அடிக்கும் ஆணி ஒன்று தலை மட்டும் தெரியக் குத்தியிருந்தது. கோபம் வரவில்லை. கடந்த நவம்பர் இறுதியில் டிட்வா புயல் எமது பிரதேசத்தை என்ன செய்துவிட்டுப் போனது என்பது உங்களுக்கே தெரியும். எத்தனை வீடுகளுக்குக் கூரை மாற்றினார்கள், எத்தனை லொறிகளில் தகரம் ஏறியது, இறங்கியது. யாரோ ஒருவர் தன் வீட்டுக்கு வாங்கிப் போன ஆணியில் ஒன்று வீதியில் விழுந்திருக்கிறது. அவருடைய வீடு நல்லபடியாக எழும்பியிருந்தால் சரி.

இருவரும் பைக்கைத் தள்ளினோம். ஒரு கிலோமீற்றர் இருக்கும். கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்த அக்காமார் பார்த்துவிட்டு, "என்ன சேர், இன்னைக்கு பைக்குக்கு நடை பழக்குறீங்களா?" என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவருடைய மகள் எமது வகுப்பில் படிக்கிறாள். நாம் போவதற்கு முன்பே செய்தி பாடசாலைக்குப் போயிருந்தது.

சந்தியில் டயர் கடை. பாஸ் சிங்களவர், நல்ல மனிதர், அரைகுறைத் தமிழில் அழகாகப் பேசுவார். சில்லைக் கழற்றி, லீவர் போட்டு டயரை நெம்பி, டியூபை வெளியே எடுத்துக் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். முட்டை முட்டையாகக் குமிழி வந்தது. அதற்குப் பக்கத்திலேயே பழைய ஒட்டு இரண்டு.

"டியூப் ஒட்டலாம் சேர். நானூறு ரூபா." பிறகு டயரைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். பெருவிரலால் நடுப்பகுதியைத் தடவினார். "மே டயர் எக்க இவரயி சேர்" என்றார். இந்த டயரின் கதை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

"புதுசு எவ்வளவு?"

"எட்டாயிரத்து ஐந்நூறு."

இங்குதான் கதை தொடங்குகிறது.

எமது பைக் பழைய சி.டி. 100. பின் டயரின் அளவு 3.00–17. இந்த டயர் போட்டு இரண்டு வருடம், 15,000 கிலோமீற்றர் அளவில் ஓடியிருக்கிறது. காசு அறவே இல்லை என்று சொன்னால் பொய். வீட்டில் கரண்ட் பில்லுக்கும் பிள்ளையின் சப்பாத்துக்கும் ஒதுக்கிய காசு இருந்தது. ஆனால் டிஸ்ட்ரஸ் லோன் வெட்டி, சீட்டுக் காசு வெட்டி, கடைக் கணக்குத் தீர்த்து மிஞ்சும் ஆசிரியர் சம்பளத்தில் 8,500 ரூபா என்பது தொண்டையில் சிக்கும் எலும்பு. சம்பளத்துக்கு இன்னும் எட்டுப் பாடசாலை நாட்கள் இருந்தன.

"ஒட்டிப் போடுங்க பாஸ். சம்பளம் எடுத்ததும் மாத்துவோம், இன்ஷா அல்லாஹ்" என்றோம்.

பாஸ் ஒன்றும் சொல்லாமல் ஒட்டினார். பின்னால் நின்றிருந்த சக ஆசிரியரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அந்த டயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நாம் கவனித்தோம். கவனித்தும் கேட்கவில்லை.

நாம் ஏன் இவ்வளவு சுலபமாக "ஒட்டிப் போடுங்க" என்கிறோம் என்று பிறகு யோசித்துப் பார்த்தோம். ஒரு காரணம் பழக்கம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அது மீண்டும் சரியாகத் திறக்க 2025 ஆகிவிட்டது. இடையில் பழைய பைக்கின் விலை புதிய பைக்கின் விலையைத் தாண்டிப் போனது. இருப்பதைத் தேய்த்துத் தேய்த்துப் பாவிப்பதுதான் புத்திசாலித்தனம் என்று ஆனது. 2022 சொல்லத் தேவையில்லை. பெற்றோல் வரிசையில் இரவு தூங்கியவர்கள் இந்தப் பதிவை வாசிப்பவர்களிலேயே இருப்பீர்கள்.

அந்த வருடம் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு முதலில் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர். அந்த 4 லீற்றர்தான் எம்மையும் இந்தச் சேரையும் ஒரே பைக்கில் ஏற்றியது. போக வர எமக்கு ஒரு நாளைக்கு 38 கிலோமீற்றர். ஐந்து நாளைக்கு 190. எமது பைக் லீற்றருக்கு அறுபது ஓடும் என்றால் மூன்று லீற்றர் சொச்சம். கணக்குச் சரியாக வந்தது. அவருக்கு நேரத்துக்கு பஸ் இல்லை, எமக்குப் பெற்றோலுக்குக் காசு இல்லை. பெற்றோல் பாதிப் பாதி என்று பேசிக்கொண்டோம். கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் ஒன்றாகப் படித்தவர் வேறு. அன்று தொடங்கிய பயணம் நெருக்கடி தீர்ந்த பிறகும் நிற்கவில்லை.

ஆக, ஒட்டிப் பாவிப்பது எமக்கு வெட்கமான காரியம் அல்ல. சப்பாத்து, குடை, ரேடியோ, புத்தகப் பை என்று எல்லாவற்றையும் ஒட்டியும் தைத்தும் பிழைத்த சமூகம் நாம். அது நல்ல பழக்கம். ஆனால் அந்தப் பழக்கத்தை எங்கே நிறுத்துவது என்று நாம் படிக்கவில்லை.

அதே வாரம் வியாழக்கிழமை பிற்பகல். பாடசாலை விட்டு வரும்போது மழை பிடித்தது. பெரிய மழை இல்லை, வீதியை நனைத்துவிட்டு நிற்கும் மழை. வழுக்கலுக்கு அதுதான் பொல்லாதது. ஏற்றத்தில் ஒரு வளைவு. மேலேயிருந்து லொறி ஒன்று இறங்குகிறது. நாம் கொஞ்சம் ஓரம் எடுத்து, பின் பிரேக்கை இலேசாகத் தொட்டோம். பின் சில்லு சவர்க்காரத்தில் மிதித்தது போல இடப்பக்கமாகச் சறுக்கியது. அந்தப் பக்கம் கம்பி வேலி இல்லை. தேயிலை மலை சரிந்து கீழே ஓடைவரை போகிறது.

விழவில்லை. இரண்டு பேரும் காலை ஊன்றி நின்றோம். லொறிக்காரர் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனார். சேருடைய பையிலிருந்து சோற்றுப் பெட்டி விழுந்து உருண்டு தேயிலைக்குள் போனது. அவர் இறங்கிப் போய் எடுத்துக்கொண்டு வந்தார். துடைத்தார். ஏறி உட்கார்ந்தார். சந்தி வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது, "நாளைக்கு நான் பஸ்ல வாறேன் சேர். வழியில ஒரு வேலை இருக்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை அவர் பஸ்ஸில் வந்தார். வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போட்ட பிறகுதான் வந்து சேர்ந்தார். திங்கட்கிழமையும் பஸ். மீண்டும் சிவப்புக் கோடு. எமக்கு விளங்கிவிட்டது. இடைவேளையில் அவரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டோம்.

"என்ன சேர், கோபமா?"

"கோபம் இல்ல சேர். பயம். வீட்டில ரெண்டு புள்ளைங்க இருக்கு."

"அன்றைக்கு டயர் கடையிலேயே சொல்லியிருக்கலாமே?"

அவர் கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார். "பைக் உங்களோடது. நான் பெற்றோலுக்குத்தான் பாதி தாறேன். டயருக்கு ஒண்ணும் தாறதில்லையே. மாத்துங்கன்னு எப்படிச் சொல்றது?"

அந்தப் பதிலை நாம் எதிர்பார்க்கவில்லை. நான்கு வருடமாக எமது முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிற மனிதர். விழுந்தால் எம்மோடு விழப் போகிறவர். பின் டயர் என்பது அவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேர் கீழே இருக்கும் டயர். அதைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை இல்லை என்று அவர் நினைத்திருக்கிறார். அப்படி நினைக்க விட்டது நாம்தான்.

அப்புறம் அவர் ஒன்று சொன்னார். அது எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் சொல்லித் தராத விஞ்ஞானப் பாடம். "எங்கப்பா தோட்டத்துல கான் வெட்டினவர் சேர். மழைக்கு முந்தி கான் துப்பரவு பண்ணலன்னா மலை நிக்காதும்பாரு. தண்ணி போக வழி இருக்கணும். உங்க டயர்ல கான் எல்லாம் மூடிப் போச்சு."

தேயிலை மலையில் கான் எதற்கு என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2007 ஜனவரியில் வலப்பனையில் நடந்த மண்சரிவைக் கண்டவர்கள், இப்போது டிட்வாவையும் கண்டவர்கள், தண்ணீருக்கு வழியில்லாவிட்டால் நிலம் என்ன செய்யும் என்று அறிவார்கள். டயரில் இருக்கும் பள்ளங்களும் அதே வேலைக்குத்தான். நனைந்த வீதியில் டயருக்கும் தாருக்கும் இடையில் அகப்படும் தண்ணீர் அந்தப் பள்ளங்கள் வழியாக வெளியே போக வேண்டும். பள்ளம் தேய்ந்து போனால் தண்ணீருக்குப் போக இடமில்லை. டயர் வீதியைத் தொடாமல் தண்ணீரின் மேல் சறுக்கும். காய்ந்த வீதியில் மொட்டை டயரும் நன்றாகத்தான் ஓடும். அதனால்தான் நாம் ஏமாறுகிறோம்.

அன்று இரவு கொப்பியை எடுத்து ஒரு கணக்குப் போட்டோம். இதை எல்லோரும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

டயர் 8,500 ரூபா. 15,000 கிலோமீற்றர் ஓடும். அப்படியென்றால் ஒரு கிலோமீற்றருக்கு 57 சதம். ஒரு நாளைக்கு 38 கிலோமீற்றர் என்றால் சுமார் 22 ரூபா. ஒரு பிளேன்டீயின் விலைகூட வராது.

இப்போது முக்கியமான கேள்வி. சம்பளம் வரும்வரை எட்டு நாட்கள் பழைய டயரிலேயே ஓடி நாம் மிச்சம் பிடிக்க நினைத்தது எவ்வளவு? 8,500 ரூபா என்றுதான் மனம் சொல்லும். அது பொய்க் கணக்கு. அந்த 8,500 ரூபாவை எப்படியும் கொடுக்கத்தான் போகிறோம், இன்று இல்லாவிட்டால் எட்டு நாள் கழித்து. உண்மையில் மிச்சமாவது அந்த எட்டு நாளின் தேய்மானம் மட்டும்தான். 304 கிலோமீற்றர், 57 சதப்படி, சுமார் 173 ரூபா.

173 ரூபாவுக்கு இரண்டு குடும்பங்களை அந்த வளைவில் பணயம் வைத்தோம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சம்பளம் வந்தாலும் மாற்றியிருப்போமா? "இன்னும் ஒரு மாதம் ஓடும்" என்றுதான் சொல்லியிருப்போம். ஒட்டுப் போட்ட பிறகு பைக் ஓடுகிறதல்லவா? ஓடுகிற ஒன்றுக்குச் செலவு செய்ய யாருக்கும் மனம் வராது. ஆணி குத்தியது உண்மையில் எமக்கு ஒரு அறிவித்தல். சில்லு கழன்று, டயர் கையில் இருந்து, பழகிய ஒருவர் தடவிப் பார்த்துச் சொன்ன நேரம் அது. அந்த நேரத்தில் நாம் ஓட்டையை மட்டும் பார்த்தோம், டயரைப் பார்க்கவில்லை.

ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்கல் பேசக் கூடாது என்று ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம். பின்னால் ஏறி உட்கார்ந்தவர் எமக்கு அமானிதம் என்பதையும் கேட்டிருக்கிறோம். கேட்டதை டயர் வரைக்கும் கொண்டு வரவில்லை.

சரி, இனிப் பயனுள்ள விஷயத்துக்கு வருவோம். திங்கட்கிழமை மாலை பாஸின் கடையில் புது டயர் போடும்போது அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையும், நாம் வாசித்து அறிந்தவற்றையும் சேர்த்து எழுதுகிறோம். எல்லாப் பஞ்சருக்கும் டயர் மாற்றச் சொல்லவில்லை. அதுவும் பிழை.

ஒட்டினால் போதும் என்பது எப்போது? டயரில் பள்ளம் நன்றாக இருக்கிறது, ஆணி நடுப்பகுதியில் குத்தியிருக்கிறது, ஓட்டை சிறியது என்றால் யோசிக்க வேண்டாம், ஒட்டுங்கள். ஒழுங்காக ஒட்டிய ஒட்டு டியூபின் ஆயுளுக்கும் நிற்கும். ஒழுங்காக என்றால், ஒட்டும் இடத்தை நன்றாக உரச வேண்டும், சொலூஷன் பூசிய பிறகு ஈரம் போகும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டினால் அது கழன்று வரும். நாம் "நேரமாச்சு பாஸ், சீக்கிரம்" என்று அவசரப்படுத்துவதே பல ஒட்டுகள் கழல்வதற்குக் காரணம்.

டயர் கடைப் பலகையில் "வல்கனைஸ்" என்று எழுதியிருப்பார்கள் அல்லவா? றப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் முறைக்குப் பெயர் அது. சார்ள்ஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் 1844இல் அதற்குக் காப்புரிமை எடுத்தார். உரோமர்களின் நெருப்புத் தெய்வமான வல்கனின் பெயரிலிருந்து வந்த சொல். பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், அடுத்த முறை பலகையைப் பார்த்ததும் சொல்வார்கள். இன்னொரு செய்தி, ஆசியாவில் றப்பர் மரம் முதன்முதலாக நடப்பட்ட இடங்களில் ஒன்று எமது நாட்டில்தான் இருக்கிறது. கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட தாவரவியல் பூங்கா, 1876. றப்பரின் ஊரில் பிறந்துவிட்டு மொட்டை டயரில் ஓடுகிறோம்.

டியூபை மாற்ற வேண்டியது எப்போது? வால்வின் அடியில் கிழிந்திருந்தால் ஒட்டு நிற்காது. ஒட்டின் மேல் ஒட்டு வரும் நிலை என்றாலும் மாற்றுவது நல்லது. பாம்பு கடித்தது போலப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெட்டு இருந்தால் அது ஆணியின் குற்றம் அல்ல. காற்றுக் குறைவாக ஓடி, குழியில் விழுந்து, டியூப் றிம்முக்கும் வீதிக்கும் இடையில் நசுங்கியது. அப்படியானால் டியூபை மட்டும் மாற்றிப் பயனில்லை, காற்றுப் பார்க்கும் பழக்கத்தையும் மாற்ற வேண்டும். இருவர் ஏறும்போது பின் டயருக்கு எவ்வளவு காற்று என்று பைக்கோடு வந்த கையேட்டில் தனியாகப் போட்டிருப்பார்கள். ஒருவர் ஓடும் அளவு இருவருக்குப் போதாது.

டயரையே மாற்ற வேண்டியது எப்போது? டயரின் பக்கச் சுவரில் "டி.டபிள்யூ.ஐ." என்ற ஆங்கில எழுத்துகளோ ஒரு சிறு முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பாருங்கள். சிறிய மேடு ஒன்று தெரியும. சுற்றியுள்ள றப்பர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் காலம் முடிந்தது. எமது டயரில் அந்த மேடு எங்கே என்று தேடவே வேண்டியிருந்தது, எல்லாம் ஒரே மட்டம். உள்ளே நூல் தெரிந்தாலும், எங்காவது முட்டை போலப் புடைத்திருந்தாலும், பக்கச் சுவரில் ஆழமாக வெட்டியிருந்தாலும் ஒட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். பக்கச் சுவர் ஓடும்போது மடங்கி மடங்கி விரியும் இடம். அங்கே போட்ட ஒட்டை நம்பி ஆளை ஏற்ற முடியாது.

டியூப் இல்லாத டயர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வெளியிலிருந்து ஊசியால் திரி குத்தி அடைப்பது வீடு வந்து சேர உதவும். டயரைக் கழற்றி உள்ளிருந்து அடைப்பதுதான் உறுதியானது. அதுவும் நடுப்பகுதி ஓட்டைக்கு மட்டும்.

புது டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பல வருடம் கடையில் கிடந்த றப்பர் காய்ந்து இறுகிவிடும். விலை குறைத்துத் தந்தால் ஏன் என்று கேளுங்கள். சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அதன்படி போட்டார்களா என்று பாருங்கள். புது டயரின் மேல் ஒரு வழுவழுப்பு இருக்கும். முதல் நூறு கிலோமீற்றர் அளவுக்கு வளைவுகளில் சரிக்காமல் நிதானமாக ஓடுங்கள்.

கடைசியாக ஒன்று. பஞ்சர் ஒட்டியதும் டயரின் உட்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குத்திய ஆணியின் துண்டோ முள்ளோ உள்ளேயே இருந்தால் அடுத்த நாளே திரும்பவும் தள்ள வேண்டி வரும்.

அதேபோல், நல்ல டயரை வைத்துக்கொண்டு யாரோ பயமுறுத்தினார்கள் என்று மாற்றவும் வேண்டாம். கடைக்காரர் சொன்னால் எங்கே தேய்ந்திருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையானவர் காட்டுவார். எமது பாஸ் கேட்காமலேயே காட்டினார். கேட்காதது நாம்.

இனி, காசு விஷயம். திங்கட்கிழமை மாலை கடைக்குப் போனபோது சேர் ஒரு கடித உறையை நீட்டினார். உள்ளே 4,250 ரூபா. சரி பாதி. வேண்டாம் என்றோம். "அப்படின்னா நான் பஸ்லயே வாறேன்" என்றார். பாஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய கடையில் டயருக்குக் காசு கொடுக்கச் சண்டை பிடித்தவர்களை அவர் கண்டிருக்க மாட்டார்.

கடைசியில் வாங்கிக்கொண்டோம். பெருந்தன்மை என்று நினைத்து மறுத்தால், அவர் திரும்பவும் வாய் திறக்க முடியாதவராகிவிடுவார் என்று விளங்கியது. மற்றப் பாதி கரண்ட் பில் காசிலிருந்து போனது. வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி ஒன்றே ஒன்று கேட்டார். "நானும் புள்ளையும் அந்த டயர்லதானே போன கிழமை மஹ்ரிபுக்குப் பிறகு உம்மா ஊட்டுக்குப் போனோம்?" பதில் சொல்ல எமக்கு வாய் இல்லை. அவரிடமும் நாம் கேட்டிருக்கவில்லை.

இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். ஆசிரியர் அறை அலுமாரியில் பழைய பால்மா டின் ஒன்று. ஒரு நாளைக்கு ஆளுக்கு 20 ரூபா. பின் டயருக்கு 22, மீதி முன் டயருக்கும் டியூபுக்கும் பிரேக்குக்கும். அடுத்த டயரின் நேரம் வரும்போது அது சம்பளத்துக்குக் காத்திருக்காது, இன்ஷா அல்லாஹ். இன்னும் இரண்டு ஆசிரியர்கள் தங்கள் பைக்குகளுக்கும் டின் வைத்திருக்கிறார்கள். அதிபர் சிரித்துக்கொண்டு, "அலுமாரியில புத்தகம் வைக்க இடம் இருக்கா?" என்று கேட்டார்.

பழைய டயர் பாடசாலைத் தோட்டத்தில் இருக்கிறது. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அதற்கு மஞ்சள் பெயின்ட் அடித்து நடுவில் செவ்வந்தி நட்டிருக்கிறார்கள். அதன் வழுவழுப்பான மேற்பக்கத்தைத் தடவிப் பார்த்த ஒரு பிள்ளை, "சேர், இது என்ன பந்து மாதிரி இருக்கு?" என்று கேட்டது. பிள்ளைக்கு விரல் வைத்ததும் தெரிந்துவிட்டது.

இதை வாசிப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள்.

பைக் ஓட்டுபவர்கள், நாளைக் காலை ஸ்டார்ட் பண்ண முன் குனிந்து பின் டயரை ஒருமுறை தடவிப் பாருங்கள். பின்னால் ஏறுபவர்கள், பைக் உங்களுடையது இல்லை என்று பேசாமல் இருக்க வேண்டாம். உயிர் உங்களுடையது. டயர் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்பவருடைய பைக்கில் ஏறுவதைவிட சிவப்புக் கோட்டுக்குக் கீழே கையொப்பம் வைப்பது நல்லது.

எமது சேர் இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் சந்தியில் ஏறுவதற்கு முன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குனிகிறார். பின் டயரை விரலால் அமுக்கிப் பார்க்கிறார். கானுக்குள் சிக்கிய சிறு கல் ஏதும் இருந்தால் சாவியால் தோண்டி எடுக்கிறார். பிறகு எமது தோளைத் தட்டுகிறார்.

"போகலாம் சேர்."

அவர் சொன்ன பிறகுதான் கிளட்சை விடுகிறோம்.

எல்லோரும் நலமாகப் போய் நலமாக வீடு வந்து சேர வேண்டும். துஆக்களில் எம்மையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.